‘கூட்ட நேரத்தைத் தவிருங்கள்’ என்கிறார்கள்... ஷிப்ட் முடிந்து வருபவர் எங்கே தவிர்ப்பது? ஜொகூர் பாலத்து வார இறுதிக் கணக்கு: ஓர் அலசல்!

ஜொகூர் பாரு:-

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஜொகூர்காரர்களின் கைப்பேசியில் ஒரே கேள்விதான் ஓடும். ‘‘அண்ணே, பாலம் எப்படி இருக்கு?’’

‘‘ஜாம்’’ என்று பதில் வந்தால் வீட்டுக்குப் போன் போட்டு, ‘‘நீங்க சாப்பிட்டுப் படுங்க, நான் வர லேட்டாகும்’’ என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

சிங்கப்பூரில் வேலை, ஜொகூரில் குடும்பம் என்று தினமும் எல்லையைத் தாண்டும் மலேசியர்கள் 3 லட்சத்துக்கும் மேல் என்பது இரு நாட்டிலும் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. இவர்களோடு வார இறுதியில் சிங்கப்பூரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, மளிகைச் சாமான் முதல் முடி வெட்டுவது வரை ஜொகூர் பாருவில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது.

இத்தனை பேரும் போக இருப்பது இரண்டே வழி. ஒன்று 1924-ல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம். இன்னொன்று 1998-ல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் பாலம்.

ஜொகூர் பாலத்தின் நீளம் 1,056 மீட்டர்தான். நடந்தால் கால் மணி நேரத்தில் தாண்டிவிடலாம். ஆனால் நீண்ட வார இறுதியில் காரில் வருபவர்கள் சோதனையை முடிக்க 3 மணி நேரம் வரை ஆகலாம் என்று சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையமே எச்சரித்திருக்கிறது. அதோடு தவறாமல் ஒரு அறிவுரையும் வரும். ‘கூட்ட நேரத்தைத் தவிர்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்’.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நேரம் கூட்ட நேரம்? அதைத் தவிர்க்க யாரால் முடியும்? இந்த இரண்டு கேள்விக்கும் அறிவிப்பில் பதில் இல்லை.

சனி, ஞாயிறு மாற்றம் செய்த வேலை

முதலில் ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும். ஜொகூர் மாநிலத்தில் 2014-ம் ஆண்டு ஜனவரி 1 முதல் வார விடுமுறை வெள்ளி, சனி என்று இருந்தது. 11 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு ஆனது.

இதில் தொழிலாளி குடும்பங்களுக்குக் கிடைத்தது பெரிய நிம்மதி. அந்த 11 வருஷமும் சிங்கப்பூரில் வேலை பார்த்த அப்பாவுக்கு சனி, ஞாயிறு லீவு. பிள்ளைக்கோ வெள்ளி, சனி லீவு. ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார், பிள்ளை யூனிபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போய்விடும். வாரத்தில் எல்லோரும் சேர்ந்து இருந்தது சனிக்கிழமை ஒரு நாள்தான். இப்போது இரண்டு நாள் சேர்ந்து கிடைக்கிறது.

வீட்டுக்கு இது நல்ல சேதி. பாலத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

முன்பு ஜொகூர்வாசிகளின் வார இறுதி வியாழன் மாலையே தொடங்கிவிடும். சிங்கப்பூர் கூட்டம் வெள்ளி மாலை வரும். இப்போது இரண்டு பக்கமும் ஒரே சாயங்காலம் கடையை மூடி, ஒரே சாயங்காலம் வண்டியை எடுக்கிறார்கள். ஞாயிறு இரவிலும் அதே கதைதான். ஜொகூர் பாரு டவுனுக்குள் வந்து திரும்பும் உள்ளூர் வண்டிகளும், எல்லை தாண்டப் போகும் வண்டிகளும் ஒரே ரோட்டில் முட்டிக்கொள்கின்றன.

பழைய அனுபவத்தை வைத்து ‘இந்த நேரத்தில் பாலம் காலியா இருக்கும்’ என்று கணக்குப் போடுபவர்கள் ஏமாந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘கூட்டம் போகட்டும், அப்புறம் கிளம்பலாம்’

பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான். 6 மணிக்கு எல்லோரும் கிளம்புவார்கள், நாம் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு 7 மணிக்கு மேல் போவோம் என்ற நினைப்பு. இந்த நினைப்பில்தான் ஓட்டை இருக்கிறது.

புரிவதற்காக ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு மட்டும். சாயங்காலம் 5 மணியில் இருந்து 7 மணி வரை நிமிடத்துக்கு 40 கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாவடியில் நிமிடத்துக்கு 30 கார்தான் விட முடிகிறது. நிமிடத்துக்கு 10 கார் மிச்சம். இரண்டு மணி நேரத்தில் 1,200 கார் சேர்ந்துவிடும்.

7 மணிக்குக் கூட்டம் குறைகிறது. இப்போது நிமிடத்துக்கு 25 கார்தான் வருகிறது. ஆனால் முன்னால் நிற்கும் 1,200 கார் எங்கேயும் போய்விடவில்லை. நிமிடத்துக்கு 5 கார் வீதம்தான் வரிசை கரையும். முழுசாகக் கரைய 4 மணி நேரம் பிடிக்கும். அதாவது ராத்திரி 11 மணி.

இதில் யாருக்கு அதிக அடி? 5.30-க்கு வந்தவருக்கு 10 நிமிடம் காத்திருப்பு. 6 மணிக்கு வந்தவருக்கு 20 நிமிடம். ‘கூட்டம் போயிருக்கும்’ என்று நம்பி 7 மணிக்கு வந்தவருக்குத்தான் 40 நிமிடம். 8 மணிக்கு வந்தவருக்கு 30 நிமிடம். 9 மணிக்கு வந்தால் திரும்பவும் 20 நிமிடம்.

6 மணிக்கு வந்தவருக்கும் 9 மணிக்கு வந்தவருக்கும் வரிசையில் ஒரே காத்திருப்புதான். ஆனால் ஒருவர் மூன்று மணி நேரம் முன்பே வீட்டில் இருக்கிறார்!

நிஜத்தில் நிமிடங்கள் மணிகளாக மாறும். வரிசை வளர்ந்து கரையும் விதம் மட்டும் இதேதான். வண்டிகள் அதிகம் வரும் நேரம் வேறு, அதிகம் காத்திருக்கும் நேரம் வேறு. கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முந்தினால் மிச்சமாகும் நேரம், முடிந்த பிறகு ஒரு மணி நேரம் தள்ளிப் போனாலும் மிச்சமாகாது. தள்ளிப் போவதென்றால் நன்றாகவே தள்ளி, நள்ளிரவை ஒட்டித்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை விடியற்காலை. அதுவும் சனிக்கிழமை பொழுது ஏறினால் சிங்கப்பூரில் இருந்து கடைக்கும் சாப்பாட்டுக்கும் வருபவர்கள் வரிசை கட்டிவிடுவார்கள்.

முந்திக் கிளம்ப முடியுமா?

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஆபீஸ் வேலையில் இருப்பவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போடலாம். வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் வேலையை முடித்துவிட்டு 3 மணிக்குக் காரை எடுக்கலாம். துவாஸில் தொழிற்சாலையில் நிற்பவரோ, கப்பல் பட்டறையில் வெல்டிங் அடிப்பவரோ, கட்டடத்தில் கிளீனிங் செய்பவரோ அப்படிப் போக முடியாது. ஷிப்ட் மணி அடித்தால்தான் கார்டு தட்ட முடியும்.

ஓவர்டைம் வேறு. சிங்கப்பூர் வேலைச் சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளிக்கு ஓவர்டைமுக்கு மணிச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு கிடைக்க வேண்டும். ரிங்கிட்டாக மாற்றினால் அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு. அதை விட்டுவிட்டு முந்திக் கிளம்பு என்றால் யார் கிளம்புவார்? ஓவர்டைம் முடிந்து 7 மணிக்கு வெளியே வந்தால், நேராக அந்த 40 நிமிடக் கணக்கில்தான் போய் விழுகிறார்.

ஆக, ‘நேரம் பார்த்துப் போங்கள்’ என்ற அறிவுரை, நேரம் கையில் உள்ளவருக்குச் சொன்ன அறிவுரை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர், வரிசையில் நிற்கும் நேரத்தையும் தன் கையில் இருந்துதான் போட வேண்டியிருக்கிறது. அதற்கு ஓவர்டைம் கிடையாது.

தூக்கமும் இதில் சேரும். பாசிர் கூடாங்கில் வீடு, துவாஸில் வேலை என்று இருப்பவர் விடியற்காலை 4 மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார். அதே ஆள் ராத்திரி 9 மணிக்குப் பாலத்தில் கிளட்ச் மிதித்து, பிரேக் மிதித்து, ஒரு அடி நகர்ந்து நிற்கிறார். எல்லை தாண்டியதும் ரோடு காலியாக இருந்தால் கால் தானாக அழுத்தும். கண் சொருகும். பாலத்தில் இழந்த நேரத்தைப் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் பிடிக்கப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான காரியம்.

பூத்தில் 20 விநாடி

சிங்கப்பூர் பக்கம் 2024 மார்ச் 19 முதல் காரில் வருபவர்கள் பாஸ்போர்ட் நீட்டாமல் கியூஆர் கோடு காட்டிப் போகலாம். ஒரே காரில் 10 பேர் வரை ஒரே கோடு போதும். நான்கு பேர் உள்ள காருக்குச் சுமார் 20 விநாடி மிச்சம் என்று ஆணையம் சொன்னது.

20 விநாடிதானே என்று சிரிக்க வேண்டாம். ஒரு வரிசையில் உங்களுக்கு முன்னால் 100 கார் நிற்கிறது. எல்லோரும் 20 விநாடி மிச்சப்படுத்தினால் உங்களுக்கு மிச்சம் 2,000 விநாடி. அரை மணி நேரத்துக்கு மேல். ஆனால் முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டைப் பையில் தேடிக்கொண்டிருந்தால், நீங்கள் மட்டும் கோடு வைத்திருந்து பிரயோஜனம் இல்லை. காரில் ஏறிய உடனே எல்லோருடைய பாஸ்போர்ட் விவரத்தையும் போட்டுக் கோடு எடுத்து வைத்துவிட வேண்டும். பூத்துக்கு முன்னால் வந்து ‘சார்ஜ் இல்லை’ என்று சொல்பவரைப் பின்னால் நிற்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

மலேசியப் பக்கமும் கியூஆர் முறை சோதனை ஓட்டமாக வந்தது. 2025 செப்டம்பரில் ‘மைநைஸ்’ என்ற செயலி வைத்துச் சோதித்தார்கள்.

ஆனால் ஒரு உண்மையை மறக்கக் கூடாது. எல்லை என்பது ஒரு பூத் அல்ல, இரண்டு பூத். உட்லண்ட்ஸில் எத்தனை வேகமாக விட்டாலும், எதிரே 2008 டிசம்பரில் திறந்த சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் அடைத்துக்கொண்டால் வண்டி பாலத்தின் மேலேயே நிற்கும். அந்த வால் நீண்டு நீண்டு உட்லண்ட்ஸ் பூத்துக்குள்ளேயே வந்துவிடும். அப்புறம் சிங்கப்பூர் அதிகாரி அனுப்ப ரெடி என்றாலும் வண்டி போக இடம் இருக்காது. ஞாயிறு இரவு இதே சங்கதி தலைகீழாக நடக்கும். அதனால், புறப்படும் முன் உங்கள் பக்கத்து சாவடியைப் பார்ப்பதை விட, அந்தப் பக்கத்து சாவடி எப்படி நகர்கிறது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

பாலமா, துவாஸா?

மாசாய், பாசிர் கூடாங், தெப்ராவ் பக்கம் போகிறவர்களுக்கு ஜொகூர் பாலம்தான் பக்கம். கேலாங் பாத்தா, இஸ்கந்தர் புத்ரி, ஸ்கூடாய் ஆட்களுக்கும், கூலாய் தாண்டி வடக்கே போகிறவர்களுக்கும் துவாஸ் ஒத்துவரும். டோல் கொஞ்சம் கூடும், சுற்றும் கூடும். ஆனால் தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவரோ, ஈப்போவில் அம்மாவைப் பார்க்கப் போகிறவரோ ஜொகூர் பாரு டவுனுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை.

முடிவை வண்டி எடுக்கும் முன்னாடியே எடுத்துவிட வேண்டும். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏறி, உட்லண்ட்ஸ் வரிசையின் வாலைப் பார்த்த பிறகு ‘துவாஸ் போலாமா’ என்று யோசித்தால், இரண்டு பக்கமும் நஷ்டம். சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சாலைக் கேமரா படங்களில் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டும் தெரியும். காசு கிடையாது. ஒரு படத்தைப் பார்த்து முடிவு பண்ணாமல், பத்து நிமிடம் விட்டு இன்னொரு படம் பாருங்கள். வரிசை வளர்கிறதா, கரைகிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஓட்டுபவர் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

சிங்கப்பூர் நம்பர் வண்டி என்றால் இன்னும் இரண்டு விஷயம். பெட்ரோல் டாங்கி முக்கால் இல்லாமல் சிங்கப்பூரை விட்டு வெளியே போக முடியாது. வரிசையில் நின்று பூத் வரை வந்து, ‘திரும்பிப் போங்க’ என்றால் அந்த மாலை அதோடு முடிந்தது. அடுத்தது, மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி. அது இல்லாமல் ஓடும் வண்டிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம் போடத் தொடங்கினார்கள்.

ஞாயிறு இரவு யார் யாரோடு மோதுகிறார்கள்?

ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கூட்டம் திசை மாறும். சாமான் வாங்கிய சிங்கப்பூர்க் குடும்பங்கள், ஊருக்குப் போய்த் திரும்பும் மலேசியத் தொழிலாளர்கள், திங்கள் விடியற்காலை மோட்டார் சைக்கிள் நெரிசலுக்குப் பயந்து முதல் நாளே போய்ப் படுக்க நினைப்பவர்கள் என்று மூன்று கூட்டம் ஒரே வரிசையில் நிற்கும்.

ஞாயிறு காலை சீக்கிரம் கிளம்பினால் ரோடு லேசாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆறு நாள் உழைத்து, சனிக்கிழமை ராத்திரி வந்து சேர்ந்தவரிடம் போய் ‘ஞாயிறு காலையிலேயே கிளம்பு’ என்று சொன்னால் வீட்டம்மா விடுவாரா? பாலத்தில் மிச்சமாகும் இரண்டு மணி நேரத்துக்குப் பிள்ளையோடு இருக்கும் அரை நாளைக் கொடுப்பது லாபமா நஷ்டமா என்று அவரவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு காலண்டர் மாட்டுங்கள்

ஜொகூர் பாருவில் உள்ள வீட்டுச் சுவரில் சிங்கப்பூர் காலண்டரும் தொங்க வேண்டும். இங்கே சாதாரண வெள்ளிக்கிழமையாக இருக்கும், அங்கே பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும். ஜூன் மாதமும், நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் முழுக்கவும் அங்கே நீண்ட லீவு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம். 2024 டிசம்பரில் இரண்டு பாலத்தையும் சேர்த்து ஒரே நாளில் 5 லட்சம் பேருக்கு மேல் கடந்த நாட்கள் உண்டு.

தைப்பூசம் ஜொகூரில் லீவு, சிங்கப்பூரில் வேலை நாள். தீபாவளி இரண்டு பக்கமும் லீவு. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் சேர்ந்தது. இப்படி மூன்று நாள் சேரும்போது வெள்ளி மாலை என்ற கணக்கே உடைந்துவிடும். வியாழன் ராத்திரியே ஆரம்பித்துவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வீட்டில் இருக்க வேண்டும் என்றால் லீவு விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது.

பஸ்ஸில் போனால்?

கார் வரிசை நகராத வெள்ளிக்கிழமைகளில் பஸ்காரர்கள் முந்திவிடுவது பாலத்தில் பழக்கமான காட்சி. பஸ்ஸுக்குத் தனித் தடம் இருக்கிறது. கிராஞ்சியில் இருந்து வரும் மஞ்சள் பஸ்ஸிலோ, 170, 950 பஸ்ஸிலோ ஏறினால் இரண்டு இடத்திலும் இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். கூட்டத்தில் அதுவும் லேசுப்பட்டதல்ல. பாலத்தின் மேல் பஸ்ஸும் நின்றுவிட்டால் ஜனங்கள் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். கைப்பை, பிள்ளைக்கு வாங்கிய பொம்மை, அரிசி மூட்டை எல்லாவற்றோடும்.

2015-ல் இருந்து ஓடும் கேடிஎம் ஷட்டில் ரயில் 5 நிமிடத்தில் தாண்டிவிடும். ஆனால் வெள்ளி மாலை டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எல்லோரும் பெரிதாக எதிர்பார்ப்பது புக்கிட் சாகாரில் இருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரையிலான ஆர்டிஎஸ் ரயிலைத்தான். 4 கிலோ மீட்டர், சுமார் 5 நிமிடப் பயணம், ஒரு திசைக்கு மணிக்கு 10 ஆயிரம் பேர். இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். 2026 டிசம்பர் கடைசியை இலக்காக வைத்துக் கட்டப்பட்ட திட்டம் இது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைப் பெரிதாக்கும் திட்டமோ முழுதாக முடிய 2030-கள் ஆகும். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தால் போக்குவரத்து இன்னும் கூடத்தான் போகிறது.

வெள்ளி மாலை டவுனுக்குப் பக்கத்தில் இறங்கினால் போதும் என்பவருக்கு ஆர்டிஎஸ் பெரிய வரப்பிரசாதம்தான். ஆனால் அதன் சேவை நேரம் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை என்று திட்டமிட்டிருக்கிறார்கள். 7 மணிக்குத் துவாஸில் கார்டு தட்ட வேண்டியவருக்கு 6 மணி முதல் ரயில் உதவாது. அவர் திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளைத்தான் கிளப்ப வேண்டும்.